மறதி நோயுள்ள பெரியவரோடு வீட்டில் விளையாடுவது எப்படி

மறதி நோய் என்று மருத்துவர் உறுதிசெய்தவுடன் பல குடும்பங்கள் முதலில் தேடுவது மூளைக்குப் பயிற்சி தரும் விளையாட்டுகளைத்தான். மாத்திரையால் இந்நோயைக் குணப்படுத்த முடியாது என்று தெரிந்துகொண்ட நிலையில், நம் கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்க வேண்டுமே என்ற தவிப்பு எழுவது இயல்பு. செய்யக்கூடியது உண்டு, பலனும் உண்டு. ஆனால் எதற்காக விளையாடுகிறோம் என்பதில் தெளிவில்லாவிட்டால், அதே விளையாட்டு பெரியவருக்கு நாள்தோறும் நடக்கும் பரீட்சையாக மாறிவிடும். பரீட்சையாக்காமல் விளையாடுவதற்கான வழிகளை, என் மாமனாரைப் பல ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அனுபவத்தோடும், இத்துறையின் ஆய்வுகள் சொல்வதோடும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதை எதிர்பார்க்கலாம்

விளையாட்டு, பாட்டு, உரையாடல், பொருள்களை வகைப்படுத்துதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திச் சிறு குழுவாக நடத்தும் முறைக்கு அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்று பெயர். இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரல், பாப் வுட்ஸ் முதலியோர் இதை உருவாக்கி, மறதி நோயுள்ள 201 பேரிடம் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் ஏழு வாரத்தில் 14 அமர்வு என்பது அதன் அமைப்பு. பங்கேற்றவர்களின் சிந்தனைத் திறன் மதிப்பெண்ணும் வாழ்க்கைத் தரமும் பங்கேற்காதவர்களைவிட ஓரளவு மேலாக இருந்தன. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், தொடக்க நிலையிலும் நடு நிலையிலும் உள்ள மறதி நோயாளிகளுக்கு இந்தக் குழு முறையை அளிக்கச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகும் அறிவாற்றல் பயிற்சியை, மறதி நோயின் பரவலான வகையான அல்சைமர் நோய்க்குச் சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் வீட்டில் என்ன செய்வது என்பது விளங்கும்.

வீட்டுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதில் 356 இணைகள், அதாவது ஒரு நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும், வாரத்துக்கு மூன்று முறை வரை அரை மணி நேரம் என 25 வாரம் வீட்டிலேயே இம்முறையைக் கையாண்டார்கள். நோயாளியின் நினைவாற்றல் மதிப்பெண் கூடவில்லை. ஆனால் தம்மைப் பார்த்துக்கொள்பவரோடு தமக்குள்ள உறவு மேம்பட்டதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. மறந்த பெயர்களைத் திரும்பக் கொண்டுவரும் என்று நம்பி விளையாடுபவர் சில வாரங்களில் சோர்ந்துவிடுவார். இன்று அரை மணி நேரம் அவரோடு கோபமில்லாமல், அவர் முகம் மலர உட்கார்ந்திருக்க ஒரு வழி என்று எண்ணி விளையாடுபவருக்குத்தான் தொடர்ந்து செய்ய மனம் வரும்.

குழுவாக நடந்தபோது கிடைத்த பலன் இருவராகச் செய்தபோது கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே முடிந்த அளவுக்கு மூன்றாவது ஆள், நான்காவது ஆள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு வந்த பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுப் பாட்டி, பழைய அலுவலக நண்பர் என யார் வந்தாலும் நல்லதே. சென்னையில் மனநலத் துறையில் இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு இம்முறையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தழுவி, ஆய்வும் நடத்தியிருக்கிறது. குழுவில் சேர விரும்பும் சென்னைக் குடும்பங்கள் அங்கே விசாரிக்கலாம்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

மறதிக்குக் காரணம் என்னவென்று மருத்துவர் பார்த்துவிட்டாரா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி போலவே தோற்றம் தரும்; அவற்றுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டு விளையாட்டில் இறங்குவது சரியல்ல.

அடுத்து கண்ணும் காதும். மூக்குக்கண்ணாடி துடைக்கப்படாமல் இருப்பதாலும், காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோயிருப்பதாலும் "அவருக்கு ஒன்றும் புரிவதில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. விளையாட உட்காருமுன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள்; கழிப்பறைக்கு அழைத்துப் போய்வாருங்கள்; குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். சத்தம் மட்டும் குறைத்தால் போதாது, ஓடும் படமே கவனத்தை இழுத்துக்கொள்ளும். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். வெள்ளை மேசைமேல் வெளிர் நிறக் காய்கள் கண்ணுக்குத் தட்டாது. அடர்ந்த ஒரே நிறத் துணியை விரித்து அதன்மேல் வைத்தால் நன்றாகத் தெரியும். பூப்போட்ட விரிப்பு வேண்டாம், பூவைக் காயென்று எண்ணி எடுக்க முயல்வார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலைப் பலகாரம் முடிந்து சற்று ஓய்ந்த பிறகு பெரும்பாலானவர்கள் தெளிவாக இருப்பார்கள். பொழுது சாயும் வேளையில் மனம் குழம்பித் தவிப்பது இந்நோயில் பலருக்கும் உண்டு. அப்போது புது விளையாட்டு எதையும் தொடங்காதீர்கள். இருபது நிமிடம் போதும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மறுநாள் உட்கார மாட்டார்.

அவருடைய கை அறிந்த விளையாட்டு

வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுடோகு போடாதவருக்கு எழுபத்தெட்டு வயதில் அதைக் கற்றுக்கொடுக்க முனைவது இருவருக்கும் துன்பம். அல்சைமர் நோயில் முதலில் பழுதுபடுவது அண்மைக்கால நினைவு. பல்லாண்டு செய்து கையில் ஊறிப்போன பழக்கங்கள் அதற்கு வெகுகாலம் பின்னரும் நிற்கின்றன. ஆகவே அவர் இளமையில் என்ன விளையாடினார், என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார் என்பதை அக்கா, தங்கை, பழைய நண்பர்கள் என எல்லாரிடமும் கேட்டுப் பட்டியலிடுவதுதான் முதல் வேலை. இதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் வீணாகாது.

என் மாமனார் மளிகைக்கடையில் கணக்குப் பார்த்தவர். சீட்டுக்கட்டை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பழைய டப்பாவில் கிடந்த ஓட்டைக் காலணாவையும் ஓரணாவையும் ஒருநாள் தட்டில் கொட்டியபோது, அவர் தாமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாணயத்தை எடுத்து, கட்டைவிரலால் அதன் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ரகம் பிரித்து அடுக்கத் தொடங்கினார். பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் என்பது 1957-இல் புதுக்காசு வந்ததோடு நம் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அவருடைய விரல்களிலிருந்து போகவில்லை. "முக்கால் ரூபாய்க்குச் சில்லறை வேணுமே மாமா" என்றால் பன்னிரண்டு அணாவை எண்ணி வைப்பார். காலையில் சாப்பிட்டதை அவரால் சொல்ல முடியாத காலம் அது.

சமையலில் கைதேர்ந்த அம்மாவாக இருந்தால், ஆழாக்கும் உழக்கும் படியும் வைத்து அரிசி அளக்கச் சொல்லலாம்; இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு பலருக்கும் வாயில் வந்துவிடும். துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேண்டுமென்றே கலந்து கொடுத்தது என்று தெரிந்தால் பெரியவருக்கு அது அவமானம். உண்மையாகவே செய்ய வேண்டிய வேலையைக் கொடுங்கள்: கொத்தமல்லிக் கட்டை ஆய்வது, பூண்டு உரிப்பது, வேட்டி துண்டுகளைத் தனித்தனியாக மடிப்பது. அதுவும் மூளைக்கு வேலைதான். ஆசிரியராக இருந்தவரிடம் பேரப்பிள்ளையின் வாய்ப்பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற இடத்தில் அவர் இருக்க வேண்டும், ஒப்பிக்கிற இடத்தில் குழந்தை இருக்க வேண்டும். கோலம் போட்டவருக்குக் கரும்பலகையில் ஐந்து புள்ளி வரிசை வைத்துக் கொடுத்தால், கை தானே வளைந்து போவதைப் பார்க்கலாம்.

நம் ஊர் விளையாட்டுகளில் பல்லாங்குழியை நான் முதலில் சொல்வேன். எடுப்பதும் போடுவதுமாகக் கைக்கு ஒரே தாளம், எண்ணிக்கை, குழியில் விழும் ஓசை, எதிரே ஒரு முகம் என எல்லாம் அதில் இருக்கின்றன. முழு ஆட்டம் கடினமாகிவிட்டால் எளிதாக்கலாம். பக்கத்துக்கு ஏழு குழி என்பதை நான்காகக் குறைத்து, மீதியைத் துணியால் மூடிவிடுங்கள். குழிக்கு ஐந்து அல்லது ஆறு காய் என்பதை மூன்றாக்குங்கள். வெற்றுக் குழியைத் தடவி அடுத்த குழியில் இருப்பதை அள்ளும் விதி குழப்பினால் அதை விட்டுவிட்டு, நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடினமானால், குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதே ஆட்டம். புளியங்கொட்டையோ பெரிய சோழியோ நல்லது. குன்றிமணியை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். அதன் விதையில் கொடிய நஞ்சு இருக்கிறது, கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சில நோயாளிகளுக்கு வரும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் சிறிய காய்கள் எதுவுமே வேண்டாம்.

தாயமும் இப்படியே. கட்டையை உருட்டும் ஓசையும் "தாயம் போடு, தாயம் போடு" என்று கூட்டமாகக் கத்துவதும்தான் அதன் உயிர். வெட்டும் விதிகளை மறந்தவருக்கு உருட்டும் உரிமையை மட்டும் கொடுத்து, காயை நகர்த்துவதைப் பேத்தி பார்த்துக்கொள்ளலாம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் உள்ள ஆடுபுலி ஆட்டத்துக்கு முன்கூட்டித் திட்டமிடும் திறன் வேண்டும். முன்பே நன்றாக ஆடியவருக்கு, அதுவும் தொடக்க நிலையில் மட்டும் பொருந்தும்.

கேட்கக் கூடாத கேள்வி

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வரும் உறவினர்களில் பாதிப்பேர் வாசற்படியிலேயே "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறார்கள். அன்பில் கேட்பதுதான். ஆனால் பெரியவருக்கு அந்த நொடி எப்படி இருக்கும்? விடை தெரிய வேண்டும் என்று புரிகிறது, விடை வரவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள், சிலர் எரிந்துவிழுவார்கள், சிலர் அன்று முழுவதும் பேசாமல் இருந்துவிடுவார்கள். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "பெரியப்பா, நான் மதுரை சரவணன், உங்க தம்பி மகன் வந்திருக்கேன்" என்று உறவையும் பெயரையும் தாங்களே சொல்லிக்கொண்டு உட்கார வேண்டும்.

விளையாட்டிலும் இதே நெறிதான். சரி, தவறு என்று விடை உள்ள கேள்வியைவிட, கருத்துக் கேட்கும் கேள்வி நல்லது. ஸ்பெக்டர் குழுவினர் வகுத்த நெறிகளிலும் இது முக்கியமான ஒன்று. ஒரு பழைய கல்யாணப் புகைப்படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்காதீர்கள். "இந்தப் புடவை நல்லா இருக்கா, அந்தப் புடவை நல்லா இருக்கா?" என்று கேளுங்கள். "உங்க கல்யாணம் எந்த வருஷம்?" என்பதற்குப் பதில் "கல்யாணச் சாப்பாட்டுல எது ருசியா இருந்தா கல்யாணம் நல்லா நடந்ததுன்னு சொல்லலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கருத்துக்குத் தவறான விடை கிடையாது. இரண்டு பொருளைக் கண்முன் வைத்து இரண்டில் ஒன்றைக் கேட்பது இன்னும் எளிது, ஏனென்றால் சொல் வராவிட்டாலும் விரலால் காட்டிவிடலாம்.

பழமொழியை முடிக்கும் ஆட்டம் நம் பெரியவர்களிடம் மிக நன்றாகப் போகும். "ஆழம் தெரியாமல்" என்று தொடங்கி நிறுத்தினால் "காலை விடாதே" என்று வரும்; "யானைக்கும்" என்றால் "அடி சறுக்கும்" என்று வரும். வரவில்லையென்றால் ஐந்தாறு நொடி காத்திருந்து, முதல் எழுத்தை மட்டும் சொல்லிப் பார்த்து, பிறகு நீங்களே அவரோடு சேர்ந்து சொல்லி முடித்துவிடுங்கள். ஊகிக்கச் சொல்லிச் சொல்லித் தவறான விடை நிலைபெற விடக் கூடாது. "இல்லை, தப்பு" என்ற சொற்கள் மேசையில் ஒலிக்கவே வேண்டாம். அவர் "காலை வாராதே" என்று சொன்னால் அதுவும் நல்ல அறிவுரைதான் என்று ஒப்புக்கொண்டு, யார் யாருடைய காலை வாரினார்கள் என்று பேச்சை நகர்த்துங்கள். பல்லாங்குழியில் மூன்று காயைச் சேர்த்துப் போட்டுவிட்டால் போட்டதாகவே இருக்கட்டும். அவருக்காகத் தோற்பதும் வேண்டாம். வேண்டுமென்றே தோற்பதைப் பலரும் கண்டுகொள்வார்கள். வெல்வதும் தோற்பதும் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஒன்றை முடிக்கும்படி ஆட்டத்தை அமைத்தால் அந்தச் சிக்கலே எழாது.

ஒரு நாள் அமர்வின் போக்கு

ஒவ்வொரு முறையும் தொடக்கமும் முடிவும் ஒரே மாதிரி இருந்தால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். அதே நாற்காலி, அதே தட்டு, அவருக்குப் பிடித்த ஒரே பாட்டு. பாட்டு முடிந்ததும் சிறு பலகையில் கிழமையையும் மாதத்தையும் நீங்களே எழுதி வாய்விட்டுப் படியுங்கள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஆடி மாசம், காத்து பலமா அடிக்குது பாருங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னால் நாளும் பருவமும் அவருக்குக் கிடைத்துவிடும், கேள்வி கேட்க வேண்டியதில்லை. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அன்றைய ஆட்டம். நாளுக்கு ஒரு கரு என மாற்றிக்கொள்ளலாம்: ஒருநாள் உணவு, ஒருநாள் ஒலிகள், ஒருநாள் பந்து உருட்டுவது, ஒருநாள் செய்தித்தாளில் ஒரு படம். முடிவில் காபியோ மோரோ குடித்து, "நாளன்னைக்கு மறுபடி ஆடலாம்" என்று சொல்லி எழுந்திருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் நடந்தால் போதும். நாள்தோறும் நடத்த வேண்டும் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் எழுதுவதற்காக அல்ல. எதைக் கண்டு முகம் மலர்ந்தது, எந்த நிமிடத்தில் கவனம் கலைந்தது, எந்தப் பேச்சில் கண் கலங்கியது என்பவற்றை இரண்டு வரியில் எழுதினால், நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் உடன் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அது பெரிய துணை.

நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ப

லூயி பாடி என்னும் மறதி நோய் வகையில், இருக்கும் பொருளே வேறாகத் தெரிவதும் இல்லாத உருவங்கள் தோன்றுவதும் உண்டு. கோடுகளும் கட்டங்களும் நெருக்கமாக உள்ள பலகைகளைத் தவிர்த்து, தொட்டு உணரும் பொருள்களையும் பாட்டையும் நாடுங்கள். தெளிவு நாளுக்கு நாள் மாறும் என்பதால் நேற்று ஆடியவரால் இன்று முடியாமல் போவது பிடிவாதம் அன்று. பக்கவாதத்தால் வந்த மறதியில் விடை வரும், தாமதமாக வரும். காத்திருப்பதே நீங்கள் செய்யும் உதவி. முன்மூளையைத் தாக்கும் வகையில் தம் முறை வரும்வரை பொறுமை இருக்காது. முறை வைத்து ஆடும் ஆட்டங்களை விட்டு, தொடர்ந்து கையால் செய்யும் வேலைகளைக் கொடுங்கள்.

நோய் முற்றிய நிலையில் விதி உள்ள எந்த ஆட்டமும் பயன்படாது. அப்போதும் மணமும் தொடுகையும் ஓசையும் எட்டும். பெருங்காய டப்பாவைத் திறந்து நீட்டுங்கள். மல்லிகைச் சரத்தை உள்ளங்கையில் வையுங்கள். பட்டுப்புடவையின் சரிகையைத் தடவிப் பார்க்கக் கொடுங்கள். தாலாட்டோ பக்திப் பாடலோ மெல்லப் பாடி, தொடையில் தாளம் போடுங்கள். விரல் ஒருமுறை அசைந்தால் அது அவருடைய ஆட்டம்.

காசு செலவழிக்குமுன்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலில் அனுப்புவது கைக்கணினியும் அதில் ஒரு மூளைப் பயிற்சிச் செயலியும்தான். அமெரிக்காவில் லுமோசிட்டி என்ற செயலியை நடத்தும் நிறுவனம், வயது சார்ந்த அறிவுத்திறன் குறைவைத் தடுக்கும் என்பது போன்ற ஆதாரமில்லாத விளம்பரங்களைச் செய்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க, 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நோயைத் தடுக்கும், திருப்பும் என்று சொல்லும் எந்தச் செயலிக்கும் சந்தா கட்ட வேண்டாம். கைக்கணினி வந்துவிட்டால் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிக் காட்டவும், அனுப்பிய பிள்ளையையே வாரம் ஒருமுறை காணொளியில் அழைத்துப் பழமொழி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் பயன்படுத்துங்கள். அது செலவுக்கு ஏற்ற பலன்.

எப்போது நிறுத்துவது

நெற்றி சுருங்குவது, காயை ஒதுக்கித் தள்ளுவது, நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்துவது, வாசலையே பார்ப்பது ஆகியவை எல்லாம் 'போதும்' என்பதன் அடையாளங்கள். கோபம் வெடிக்கும்வரை காத்திருக்காமல் அங்கேயே முடித்துக்கொண்டு, காபியை எடுத்து வாருங்கள். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சாதீர்கள். அழுதாலும் பதறாதீர்கள், அம்மாவைப் பற்றிய பேச்சில் கண்ணீர் வந்தால், கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவருவது நோயின் போக்கு. அதற்கேற்ப ஆட்டத்தை எளிதாக்கிக்கொண்டே போக வேண்டும். ஆனால் முந்தாநாள் வரை காய் எண்ணியவர் திடீரென்று இன்று உங்களைப் பார்க்கவே மறுக்கிறார், பகலில் தூங்கித் தூங்கி விழுகிறார், இல்லாததைப் பேசுகிறார் என்றால் அதை மறதி நோய் முற்றிவிட்டதாக எண்ணி விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, யாரும் பார்க்காதபோது விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அதில் இருக்கும்.